மூச்சுப் படலம்

ஆய்வுக்கூடத்து வெற்றிடச் சேம்பரின் பார்வைக் கண்ணாடியில் ஒரு மங்கல் தெரிந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். குளிர்ந்த கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதினால் விழுமே, அதே மாதிரி நடுவில் அடர்ந்து ஓரத்தில் நைந்துபோன வெண்மை. அவன் சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தான், கண்ணாடி கீச்சென்றது, மங்கல் அப்படியே இருந்தது. அது இந்தப் பக்கம் இல்லை, உள்பக்கம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

உள்பக்கத்தில் காற்றே கிடையாது. அந்த எஃகுப் பானையிலிருந்து மூன்று பம்புகள் ராப்பகலாகக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு கொசு மூச்சு விடுகிற அளவு காற்று உள்ளே கசிந்தாலும் அளவுமானி காட்டிக்கொடுத்துவிடும். அளவுமானி சாதுவாகத்தான் இருந்தது. பானைக்குள்ளே அறுநூறு டிகிரிச் சூட்டில், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு தட்டு குப்புறத் தொங்கிச் சிவந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே சின்னக் குடுவைகளில் உலோகம் ஆவியாகி, மேலே போய், தட்டில் ஒட்டும். ஒரு அணு உயரத்துக்கு ஒரு அடுக்கு, அதன் மேல் இன்னொன்று. அப்படி அடுக்கடுக்காகப் படிகப் படலம் வளர்ப்பதுதான் அவனுக்கு இருபது வருஷப் பிழைப்பு.

பம்ப்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தக் கட்டடத்தின் பம்புகளையும் வாயுக் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறவர், வயதில் மூத்தவர், எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருப்பவர். குனிந்து சேம்பரைப் பார்த்தார், நிமிர்ந்து இவன் முகத்தைப் பார்த்தார்.

“மங்கல் அங்க இல்ல சார், உங்க மூக்குக்கண்ணாடியில. நேத்து தூங்கினீங்களா இல்லியா?”

கழற்றிப் பார்த்தான். ஆமாம், அதிலும் ஒரு மெல்லிய வெண்மை இருக்கத்தான் செய்தது. துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது சேம்பர் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பம்ப்காரர் அதற்குள் வேறு கவலைக்குப் போயிருந்தார். சேம்பர் இருக்கிற இந்த உள்ளறைச் சுவரின் ஆக்சிஜன் அலாரம் காலையிலிருந்து மூன்று தரம் காரணமில்லாமல் கத்தியிருக்கிறது, சென்சாரை மாற்றியாக வேண்டும், அதுவரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இங்கே நிற்க வேண்டாம் என்றார். இவன் சரி சரி என்றான். அவர் புதுச் சென்சாருக்காக அடுத்த கட்டடத்து ஸ்டோருக்குப் போனதும், நாற்காலி மேல் ஏறி அலாரத்தின் வாயை அடைத்தான். நாலு மணிக்குக் குழு வருகிறது. அவர்கள் நிற்கும்போது இது கத்தித் தொலைத்தால் மானம் போய்விடும்.

ஆறு மாசத்துக்கு முன்னாலும் ஏறியது இதே நாற்காலிதான். அதை அவன் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதில் மனுஷன் கைதேர்ந்தவன்.

குழு என்றால் மூன்று பேர். அவன் பெயரில் வந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறு வேறு ஊர்களில் அதே படலத்தை வளர்க்கப் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் வரவில்லை. எங்கள் கண் முன்னால் ஒன்று வளர்த்துக் காட்டுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. வளர்ந்தால் சரி. வளராவிட்டால் கட்டுரை பொய், அவனும் பொய், இந்தக் கூடம், பதவி, மரியாதை எல்லாம் போச்சு. இந்த ஆறு மாசத்தில் எழுபது தட்டு ஏற்றி இறக்கிவிட்டான். எழுபதிலும் சாம்பல்தான் மிஞ்சியது.

பின்னே எப்படி வரும்? படலம் அவனுடையதாக இருந்தால் அல்லவா? அது சின்னவளுடையது.

சின்னவள் அவன் மனைவியின் தங்கை. வீட்டில் அத்தான், ஆய்வுக்கூடத்தில் சார். காலையில் வாசலில் செருப்பை மாற்றும்போதே முறையையும் மாற்றிக்கொள்வாள். அவளுக்குக் கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள். கைராசி இல்லை, பொறுமை. தட்டைச் சேம்பரில் ஏற்றுவதற்கு முன்னால் முகத்துக்கு நேரே பிடித்து ‘ஹா’ என்று ஊதுவாள். தட்டு வெளுக்கும். அந்த வெண்மை ஒரே சீராகக் கலைந்தால் தட்டில் அழுக்கு இல்லை. திட்டுத் திட்டாகக் கலைந்தால் எங்கேயோ விரல் பட்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் ஒட்டியிருக்கிறது. சீராகக் கலைந்ததும் தனக்குத்தானே “சுத்தம்” என்பாள். இத்தனை லட்சம் கொட்டி மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன், நீ கண்ணாடி துடைக்கிற மாதிரி ஊதிக்கொண்டிருக்கிறாயே என்று அவன் கேலி பண்ணுவான்.

“அடியில என்ன இருக்கோ அதுதானே சார் மேல வளரும்?” என்பாள்.

அது அக்காவும் தங்கையும் சின்ன வயதில் கண்டுபிடித்த விளையாட்டு. ஜன்னல் கண்ணாடியில் ஊதினால், அங்கே யார் ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார்களோ அவர்களுடைய நெற்றியும் மூக்கும் அந்த வெண்மையில் தெரியும். துடைத்திருந்தாலும் தெரியும். அவர்களுடைய அப்பா திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுப் போனதையெல்லாம் அப்படித்தான் பிடிப்பார்களாம். மனைவி இந்தக் கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு தரமும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

சின்னவளின் குறிப்பேட்டில் சூடு, நேரம், உலோக அளவு எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. ஊதுவதை மட்டும் எழுதவில்லை. பல் தேய்ப்பதை யாராவது எழுதி வைப்பார்களா? இன்று காலை, எழுபத்தோராவது தட்டைக் கையில் எடுத்தபோது அவனுக்கு அது ஞாபகம் வந்தது. முகத்துக்கு நேரே பிடித்தான். ஊதினான். வெளுத்தது, கலைந்தது, சீராகவா இல்லையா என்று நின்று பார்க்கப் பொறுமை இல்லை. அப்படியே ஏற்றிவிட்டான். சின்னவள் ஊதிப் பார்த்த தட்டை மறுபடியும் கழுவிக் காயவைத்துத்தான் ஏற்றுவாள். அதை அவன் பார்த்ததில்லை. எதையும் பாதி பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஆள்.

ஆகவே அவன் மூச்சு அந்தத் தட்டில் இருந்தது. அதன் மேல்தான் படலம் வளர ஆரம்பித்தது.

ஆமாம், வளர்ந்தது! சேம்பருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பச்சைத் திரையில் ஒரு ஒளிக்கோடு உண்டு. ஒரு அடுக்குப் பாதி போட்டிருக்கும்போது அது மங்கும், அடுக்கு நிரம்பியதும் பிரகாசமாகும். எழுபது தரமும் ஒரேயடியாக மங்கிச் செத்துப்போன கோடு, இன்றைக்கு மங்கி, எழுந்து, மங்கி, எழுந்தது. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தப்பித்தோம்டா சாமி என்று நாற்காலியில் சாய்ந்தான். அறை முழுக்கப் பம்புகளின் ரீங்காரம், சூடான எஃகின் வாசனை, அதற்கு அடியில் ஈரமான, வெதுவெதுப்பான இன்னொரு வாசனை, யாரோ ரொம்பக் கிட்டத்தில் நின்று பேசும்போது வருகிற மாதிரி. ஏசி கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு மனைவி போன் பண்ணினாள். சின்னவளின் அலமாரிச் சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டியில் ஆறு மாசமாக ஆய்வுக்கூடத்திலேயே கிடக்கின்றன, இன்றைக்கு அதை எடுத்துக்கொள்ள வருகிறேன் என்றாள். குழு வருகிற நாளில் வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று இவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

“இத்தனை நாளா என்னால அங்க கால் வைக்க முடியலங்க. இன்னைக்கு ஏனோ வரணும்னு இருக்கு. கிளம்பிட்டேன்.”

போனை வைத்தபோது உதட்டில் ஏதோ ஒட்டியிருந்தது. காய்ச்சி ஆறின பாலில் ஆடை படிகிற மாதிரி, மெல்லிசாக. நகத்தால் கிள்ளி எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி நிறமே இல்லை, விரலில் உருட்டினால் நறநறவென்று நொறுங்கியது. உதட்டை நக்கிக்கொண்டான். மறுபடியும் இருந்தது.

திரையைப் பார்த்தான். கோடு இப்போது வேகமாக ஏறி இறங்கியது. குறிப்பேட்டின்படி ஒரு அடுக்குக்கு நாற்பது விநாடி. இது நாலு விநாடிக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தது. ஏற்றம், இறக்கம். ஏற்றம், இறக்கம். எங்கேயோ பழகின தாளம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன்னுடைய மூச்சு என்று கண்டுபிடித்தான். அவன் இழுத்தால் கோடு மங்கியது. விட்டால் எழுந்தது. அடக்கிப் பார்த்தான். கோடும் நின்றது, பாதி வெளிச்சத்தில், காத்துக்கொண்டு. நெஞ்சு முட்டியது. விட்டான். கோடு பளீரென்று எழுந்தது.

ஓடிப்போய் வெளியே இருந்த விசையைத் திருப்பிக் குடுவைகளின் மூடிகளைச் சாத்தினான். உலோகம் நின்றால் படலமும் நின்றாக வேண்டும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மூடிகள் டப் டப்பென்று விழுந்தன. கோடு நிற்கவில்லை. அவன் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு அடுக்கு எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. தட்டில் இல்லை. பின்னே எங்கே?

உதட்டைத் தொட்டான். இப்போது நகம் இறங்கவில்லை.

கதவு. போய்விட வேண்டியதுதான். குழுவாவது, படலமாவது. ஏழு எட்டு அடிதான், அதைக் கடப்பதற்குள் கால் பஞ்சாகிவிட்டது. காற்றில் ஏதோ குறைந்திருந்தது. இழுத்தால் வந்தது, வந்தும் போதவில்லை. மூலையில் நைட்ரஜன் குழாயிலிருந்து மெதுவாக ஒரு சீறல் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. சுவரில் அலாரம் மூச்சுக் காட்டவில்லை. அவன்தானே அடைத்து வைத்தான்.

உள்ளறைக் கதவில் முகம் உயரத்துக்கு ஒரு சதுரக் கண்ணாடி. அதற்குக் கீழே கைப்பிடி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்டு. ஒரு பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் எத்தனை அழுத்தினாலும் இறங்காது. உலகத்தில் அவனை விட இதை நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

ஆறு மாசத்துக்கு முன்னால், அன்றைக்கு அவன் கதவுக்கு வெளியே நின்றான்.

காலையில்தான் சண்டை. கட்டுரையில் அவள் பெயரே இல்லாததைச் சின்னவள் பார்த்துவிட்டாள். அக்காகிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது என்றான். இன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லத்தான் போறேன் சார் என்றாள் அவள். கத்தவில்லை, அழவில்லை. நைட்ரஜன் கசிந்து அறையில் ஆக்சிஜனைக் குறைத்தது அவன் வேலை இல்லை, அது தானாகக் கசிந்தது. தலைவலியாக இருக்கிறது என்று முந்தின நாளே அலாரத்தை அடைத்தது மட்டும் அவன் வேலை. மத்தியானம் அந்தப் பக்கம் வந்தபோது, சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். அவன் கை கைப்பிடிக்குப் போனது. திறக்கத்தான் போனது, அதை அவன் தனக்கே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறான். போன கை அழுத்தவில்லை. பிடித்துக்கொண்டது.

நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தான். அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள். அவள் மூச்சில் கண்ணாடி வெளுத்தது. ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையை அன்றைக்குத்தான் அவள் உதடு சொன்னது. அத்தான். வெண்மை கலைந்தது. மறுபடி வெளுத்தது, கொஞ்சமாக. கலைந்தது. மூன்றாவது தரம் வெளுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பின்படி வழியாக இறங்கி, அடுத்த கட்டடத்துக் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பம்ப்காரர் ஓடிவந்து சொன்னபோது மனைவிக்கு முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு அழுதவனும் அவன்தான். விபத்து என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது கைப்பிடியில் கை வைத்தான். நிமிர்ந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள்.

அட, வந்துவிட்டாள்! இடுப்பில் அட்டைப்பெட்டி. கண் மூடியிருந்தது, தங்கை கடைசியாக நின்ற இடம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். வாய் திறக்கவில்லை. உதடும் உதடும் ஒன்றாகியிருந்தன. மூக்கின் வழியே ஒரு நூல் அளவு காற்று வந்தது, அந்த நூலும் ஒவ்வொரு மூச்சுக்கும் மெலிந்தது. கண்ணாடியைத் தட்டினான். கை துணிப்பந்து மாதிரி விழுந்தது, சத்தம் வரவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே குனிந்தாள். கண்ணாடிக்குக் கிட்டே வந்தாள். சின்ன வயது ஞாபகம்.

‘ஹா.’

கண்ணாடி வெளுத்தது.

வெண்மைக்குள் ஒரு கை எழுந்தது. இந்தப் பக்கம். சின்ன உள்ளங்கை, விரல் ஐந்தும் விரித்து. அதற்கு நேர் எதிரே, அந்தப் பக்கம், ஒரு நெற்றி. ஒரு மூக்கு. நெற்றிக்குக் கீழே இடது புருவம், நடுவில் வெட்டுப்பட்ட புருவம். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அவனுக்கு வந்த தழும்பு. ஆறு மாசமாக எத்தனை பேர் துடைத்த கண்ணாடி. தினமும் துடைத்த கண்ணாடி.

மனைவி கண்ணைத் திறந்தாள்.

கையைப் பார்த்தாள். அந்தக் கையைத் தெரியாதா அவளுக்கு? நெற்றியைப் பார்த்தாள். அப்புறம் அந்த அச்சுக்குப் பின்னால், அதே உயரத்தில், அதே புருவத்தோடு நின்ற முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தேன் என்று சொன்ன முகம். அவன் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை. தலை ஆடியது. அச்சு ஆடவில்லை.

பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அவன் கைப்பிடியை அழுத்தினான். கொஞ்சம் இறங்கியது. நின்றது. அந்தப் பக்கம் ஒரு பிடி. இறுக்கமான பிடி. உடம்பின் பாரம் முழுக்கப் போட்டான். இறங்கவில்லை. அந்த இறுக்கம் எத்தனை என்று அவனுக்குத் தெரியும். உள்ளங்கைக்குத் தெரியும்.

மூச்சு. ஒன்று. பின்னால் பச்சை வெளிச்சம் எழுந்து, கண்ணாடியில் பட்டு, இறங்கியது.

இன்னொன்று. பாதி.

அவ்வளவுதான். நூல் அறுந்தது. முட்டி மடங்கியது. கதவோடு சரிந்து உட்கார்ந்தான். கன்னம் மரத்தில் உரசியது. கண் மட்டும் மேலே நிலைத்தது. கண்ணிலும் ஆடை படிந்துகொண்டிருந்தது, ஓரத்திலிருந்து நடுவுக்கு.

பச்சை வெளிச்சம் மறுபடி எழுந்தது.

அவன் மூச்சு விடவில்லை. விட முடியாது. ஆனாலும் எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

தலைக்கு மேலே, கண்ணாடியின் உள்பக்கம், யாருடைய வாயும் இல்லாத இடத்தில், ஒரு வெண்மை விழுந்தது. உள்ளங்கை அகலம். நடுவில் அடர்ந்து, ஓரத்தில் நைந்து. சின்னவள் உயரம்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அது கலைந்தது. திட்டு இல்லாமல், ஒரே சீராக.

அந்தப் பக்கம் மனைவியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

சுத்தம்.

அவள் கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியிருந்தது, அவள் துடைக்கவில்லை. இடது கையைத் தூக்கி, கண்ணாடியில் தங்கையின் கை இருந்த இடத்தில் விரலோடு விரல் சேர்த்து வைத்தாள். வலது கை கீழேயே இருந்தது, கைப்பிடியில்.